ஓடைக்கு அந்தப் பக்கம்

மே 3, வெள்ளி

இது போன வருடத்து டைரி. விடுமுறைக்குக் கிளம்பும்போது விடுதியில் எங்கள் தமிழ் ஆசிரியை தமிழம்மா கொடுத்தார். கிழமைகள் தவறாக இருக்கும், நீயே அடித்துத் திருத்திக்கொள் என்றார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு டயர் கடையின் பெயர் இருக்கிறது. நடந்ததை முதலில் எழுது, நினைத்ததைப் பிறகு எழுதலாம் என்பது அவர் சொன்ன விதி. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் பால்வாடி டீச்சர் சாந்தாமணி அடிவாரத்திலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியதும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் சுண்டைப்பதிக்கு மேலே வேறு ஊர் இல்லை, காடுதான். பால்வாடி என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி, சுவரில் வரைந்த யானை, அந்த யானையைவிடப் பெரிய முயல். என் தம்பி கெம்பனுக்கு நான்கு வயது, அங்கேதான் போகிறான். அங்கே சமைப்பது எங்கள் அம்மா மாசி.

"அம்முணி, நீ நல்லா எழுதுவியாம்ல. இதப் படி" என்று டீச்சர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பழங்குடிக் குழந்தைகளுக்கு அவர்கள் பாட்டையும் ஆட்டத்தையும் பால்வாடியிலேயே சொல்லிக் கொடுக்க அரசாங்கம் பணம் தருகிறதாம். எந்தப் பால்வாடிக்குத் தருவது என்று விண்ணப்பத்தைப் பார்த்து முடிவு செய்வார்களாம்.

"கிடைக்கலைன்னா என்னாகும் டீச்சர்?"

அவர் அடுப்படியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இத்தன கம்மியாப் புள்ளைக இருக்கற எடத்துக்கு ஒரு சென்டர் எதுக்குன்னு கேக்கறாங்க சாமி. அடிவாரத்து சென்டரோட சேத்திருவாங்க. இந்தத் திட்டத்துல எடுத்துட்டா தொட மாட்டாங்க."

அடிவாரத்துக்குப் போகிற வழி யானைத்தடம். சித்திரை பிறந்த அன்றுகூட ஒற்றை யானை புளியமரத்தடியில் வெயில் ஏறும்வரை நின்றதாம். ஜீப் டீச்சரைக் கொண்டுவந்து விடுவதற்கு மட்டும்தான். குழந்தைகள் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும். முட்டையும் இல்லை, சோறும் இல்லை.

அப்பா கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலையாக இருக்கிறார். அவர் ஊரில் இருந்திருந்தால் கெம்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிடுவார்.

மே 4, சனி

படிவத்தை மூன்று தடவை படித்தேன். கேள்விகள் தமிழில்தான் இருக்கின்றன. ஆனால் புரியவில்லை. 'நிகழ்ச்சியின் தொன்மை (ஆண்டுகளில்)' என்று ஒரு கட்டம். பரிசாகக் கிடைத்த அகராதியில் தொன்மைக்குப் பழமை என்று போட்டிருக்கிறது. அது தெரிந்ததுதான். எத்தனை ஆண்டு என்று அகராதியில் இல்லை.

எங்கள் ஊர்த் தலைவரை மூப்பன் என்போம். அவரிடம் போனேன். கடுக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். (நாங்கள் இருளர். வீட்டில் எங்கள் மொழியில் பேசுவதைத் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன்.)

"நம்ம ஆட்டத்துக்கு எத்தன வயசு தாத்தா?"

"ஆட்டத்துக்கு எப்படிப் புள்ள வயசு சொல்றது. பொறைக்குத் தோலு மாத்தி மூணு வருசம் ஆச்சு. அத எழுதிக்கோ."

"மூணுன்னு எழுதினாப் பணம் குடுக்க மாட்டாங்க."

"அப்ப முன்னூறுன்னு எழுது. எண்ணிப் பாக்கவா வரப்போறாங்க."

பொறை என்பது எங்கள் மேளம். அவர் வீட்டு விட்டத்தில் சாக்கு சுற்றித் தொங்குகிறது. சாக்கின் மேல் சிலந்தி கூடு கட்டியிருந்தது. கொஞ்சம் எடுத்துக் காட்டுங்கள் என்றேன்.

"அது தூங்குது."

"எப்ப எந்திரிக்கும்?"

அவர் கடுக்காயைப் பார்த்துக்கொண்டே, "உங்கம்மாவக் கேளு" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். "இந்தச் சட்டியப் புடி" என்றாள். பிடித்தேன். சுட்டது. அவ்வளவுதான் பதில். மேளத்தைப் பற்றி மூப்பனுக்குத் தெரியாதது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

மே 7, செவ்வாய்

அம்மா அப்பாவின் நீலச் சட்டையைத் துவைத்துக் காயவைத்து, உதறி, மறுபடி சுவர் ஆணியில் மாட்டினாள். நான் வந்த அன்றும் துவைத்தாள். நடுவில் யாரும் அதைப் போடவில்லை.

மே 9, வியாழன்

'பயன்படும் இசைக்கருவிகள்' என்ற கட்டத்தில் பொறை, குழல் என்று எழுதிவிட்டேன். அதன் பிறகுதான் யோசித்தேன். விடுதிக்குப் போன பிறகு விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இங்கே பொறைச் சத்தம் கேட்டேனா? சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அப்பாதான் குழல் ஊதுவார். கெம்பன் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன். இன்று அவனிடம் பொறை எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டேன். "ம்மே" என்றான்.

அம்மாவின் தம்பி பண்ணாரி மாமா நன்றாக அடிப்பார். வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், ஏன் இப்போது யாரும் அடிப்பதில்லை என்று கேட்டேன்.

"ஊரு மூடியிருக்கு" என்றார்.

"அப்படின்னா?"

மாமா கத்தியை மரத்தில் கொத்தி நிறுத்தினார். அவர் சொன்னது இது. எங்கள் பதியில் ஒருவர் போய்விட்டால் பொறை அடித்து, சுற்றி ஆடி, அவரை அனுப்பி வைக்க வேண்டும். அனுப்பி வைக்கும்வரை ஊர் மூடியிருக்கும். கல்யாணத்துக்கோ சாமிக்கோ பொறை எழும்பாது. உடம்பு கிடைக்காமல் போனவர் என்றால், போய்விட்டார் என்று அவருடைய வீட்டுக்காரி வாயால் சொல்லிப் பொறைக்காரர்களை அழைக்க வேண்டும். வேறு யாரும் சொல்லக் கூடாது. சொல்லு என்று அவளிடம் கேட்கவும் கூடாது. மற்ற பதிகளில் வேறு மாதிரி இருக்கலாம், இங்கே இப்படித்தான்.

"யார இன்னும் அனுப்பலை மாமா?"

மாமா என்னை உற்றுப் பார்த்தார். "நெசமாத் தெரியாதா, இல்ல தெரியாத மாதிரி இருக்கியா?"

"தெரியாது."

"ரெண்டு வருசமா இங்க ஒரு பந்தல் போட்டதப் பாத்தியா? மல்லன் மூத்த மகளுக்கு நெல்லிப்பதில போயிக் கலியாணம் செஞ்சோம். எவனாச்சும் உங்கம்மாகிட்ட மொகத்தச் சுளிச்சுக் காட்டினானா?"

"அப்பா கேரளாவுல இருக்காரு மாமா."

"ஆரு சொன்னா?"

"அம்மா."

மாமா கத்தியைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார். அவர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். போன ஆடிக்கு முந்தின ஆடியில் அப்பா ரேஷன் அரிசி வாங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தார். மேலே மழை. தண்ணீர் திடீரென்று வந்துவிட்டது. நான் அப்போது விடுதியில் இருந்தேன். அரிசி மூட்டை கீழே பாறையிடுக்கில் கிடைத்தது. மூட்டை கிடைத்தால் மூட்டை ஆற்றில் போனது என்றுதான் அர்த்தம். அப்பா அந்தக் கரையிலேயே ஏறி, அரிசியை விட்ட வெட்கத்தில் அப்படியே கேரளாவுக்கு நடந்துவிட்டார் என்று அம்மா சொன்னாள். அப்பா அப்படிச் செய்யக்கூடியவர்தான். ஒரு தடவை ஆட்டைத் தொலைத்துவிட்டு இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை.

மே 10, வெள்ளி

டீச்சர் விண்ணப்பத்தைக் கொண்டுபோனார். தொன்மை: முந்நூறு ஆண்டுகள்.

மே 14, செவ்வாய்

இருபத்திரண்டாம் தேதி அதிகாரிகள் நேரில் பார்க்க வருகிறார்கள். டீச்சருக்கு சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. "கொழந்தைக ஆடறதையும் கருவியையும் வீடியோ எடுப்பாங்க. அத வெச்சுத்தான் முடிவாம். ஏன் அம்முணி, மேளம் தயாரா இருக்குதல்லோ?"

இருக்கிறது என்றேன். பொய் இல்லை. விட்டத்தில் இருக்கிறது.

இன்று முதல் பயிற்சி. மேளத்துக்குப் பதிலாக நான் சோற்றுத் தட்டைக் கரண்டியால் தட்டினேன். குழந்தைகள் தட்டுச் சத்தம் கேட்டதும் வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். ஆடுவதற்கு என்று புரியவைக்க வெகுநேரம் ஆனது.

டீச்சர் பச்சைக் காகிதத்தில் இலைப் பாவாடை வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார். தலையில் கட்ட இறகும் உண்டு, கோழி இறகு. மூப்பன் வந்து பார்த்தார்.

"இது எந்த ஊரு உடுப்புங்க டீச்சரம்மா?"

"உங்க ஊருதானுங்க. பழைய காலத்துல."

"ஓ" என்றார். "எங்கப்பன் வேட்டிதான் கட்டுனாரு. அவருக்கு முந்திப் போல."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குழப்பமாகிவிட்டது. இலைப் பாவாடை எங்களுடையது இல்லை. அதைப் போட்டால் பணம் கிடைக்கும். பொறை எங்களுடையது, அதை அடிக்க முடியாது. அப்படியானால் அவர்கள் எதைப் பார்ப்பதற்காக வருகிறார்கள்?

மே 16, வியாழன்

ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் ஊர்தானே மூடியிருக்கிறது? நெல்லிப்பதி மூடவில்லை. அவர்களுடைய பொறையைக் கொண்டுவந்து அடித்தால் யாருக்கும் குறை இல்லை. மாமாவிடம் சொன்னேன். தாடையைச் சொறிந்துகொண்டு, "வக்கீலுக்குப் படிக்கப்போறியா?" என்றார். ஆனால் என்னோடு நெல்லிப்பதிக்கு வந்தார்.

அங்கே பொறைக்காரர் நஞ்சன். அப்பாவோடு சேர்ந்து வாசித்தவர். நான் யார் மகள் என்று மாமா சொன்னதும் எழுந்து உள்ளே போய், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"வாரோம்" என்றார். "ஆனா எங்க நிக்கணும்னு எங்களுக்குத் தெரியும். அத நீ கேக்கக் கூடாது."

சரி என்றேன். எங்கே நின்றால் என்ன? வரும் வழியெல்லாம் மாமா வேகமாக முன்னால் நடந்தார். வாழைப்பழத்தைத் தின்னவில்லை.

மே 19, ஞாயிறு

அம்மாவிடம் நெல்லிப்பதிக்காரர்கள் வருவதைச் சொல்லிவிட்டேன். ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் ஓசை நிற்கவில்லை.

"ஆரு கூப்ட்டது?"

"நான்தான்."

"மாமன் வந்தானா கூட?"

"வந்தாரு."

"மூடுனா மூடட்டும்" என்றாள். பால்வாடியைச் சொல்கிறாளா என்று கேட்டேன். முறத்தைத் திருப்பினாள். "மூடினா உன் வேலை போயிருமே அம்மா. கெம்பன் எப்படி நடப்பான்?" என்றேன். உமியை ஊதினாள். கண்ணில் விழுந்ததோ என்னவோ, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கெம்பன் சட்டையைக் காட்டி, "இது அப்பாவா?" என்று கேட்டான். இது அப்பாவின் சட்டை என்றேன். "அப்பா எது?" என்றான். நான் அகராதியை எடுத்து அவனுக்குப் படம் காட்டினேன்.

மே 22, புதன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மூன்று பேர் வந்தார்கள். அதிகாரி அம்மா, கேமரா வைத்திருந்த ஒரு அண்ணன், ஜீப் டிரைவர். டீச்சர் பட்டுச்சேலை கட்டியிருந்தார். ஊரே வந்து நின்றது. கெம்பன் பாவாடையில் பாதி இலையைக் கிழித்துவிட்டிருந்தான். நெல்லிப்பதிக்காரர்களை மட்டும் காணோம்.

நான் ஓடைக்கு ஓடினேன். எங்கள் ஊர் எல்லை அதுதான். அந்தப் பக்கம் நாவல் மரத்தடியில் நஞ்சனும் இன்னும் மூன்று பேரும் பொறையும் குழலுமாக நின்றிருந்தார்கள்.

"வாங்க, எல்லாரும் வந்தாச்சு."

"நாங்களும் வந்தாச்சு புள்ள. இங்கிருந்தே அடிக்கறோம். நல்லாக் கேக்கும்."

"ஏன் இங்க?"

"உங்க ஊரு தொறக்கலையே" என்றார் நஞ்சன். சீக்கிரம் வந்துவிட்ட ஆளிடம் கடை இன்னும் திறக்கவில்லை என்று சொல்வதுபோல அன்பாகச் சொன்னார்.

திரும்பி வந்து டீச்சரிடம் சொன்னேன். "ஏன் சாமி, ஓடைக்கு அந்தப் பக்கம் நின்னா வீடியோல எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்கும்போதே பொறை தொடங்கிவிட்டது.

தட்டுச் சத்தத்துக்கு ஆடிப் பழகிய குழந்தைகள் அப்படியே நின்றார்கள். ஒருத்தி அழத் தொடங்கினாள். கெம்பன் அடுப்படிக்கு ஓடிவிட்டான். மற்றவர்கள் அதிகாரிகளுக்கு முதுகைக் காட்டி ஓடைப் பக்கம் திரும்பி, சத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஸ்பீக்கர் வெளிய வெச்சிருக்காங்களா?" என்றார் அதிகாரி அம்மா.

"ஆளுங்கதான் மேடம். ஓடைக்கு அந்தாண்ட நிக்கறாங்க" என்றார் கேமரா அண்ணன்.

"அவங்க இந்த ஊரா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மூப்பனைப் பார்த்தேன். மூப்பன், "பக்கத்து ஊருங்க" என்றார்.

அதிகாரி அம்மா கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "விண்ணப்பத்துல கருவி இருக்குன்னு எழுதியிருக்கீங்க. குழந்தைகளுக்கு மேளச் சத்தமே பழக்கமில்ல. வாசிக்கறவங்களும் வெளியூரு. நான் இந்த சென்டருக்கு எப்படிங்க எழுதறது?"

மேளத்தை அடித்துக் காட்ட மாமாவுக்கு ஒரு நொடி போதும். மூப்பன் வீடு பத்தடியில் இருந்தது. எல்லாரும் தரையையும் மரத்தையும் ஜீப்பையும் பார்த்தார்கள். அடுப்படியை மட்டும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு பேர் ஒரே இடத்தைப் பார்க்காமல் இருப்பதை இன்றைக்குத்தான் நான் கண்டேன். இரண்டு வருடமாக இப்படித்தான் நின்றிருக்கிறார்கள் என்று தோன்றியது.

அம்மா வெளியே வந்தாள். இடுப்பில் கெம்பன், கையில் கரண்டி. கெம்பனை இறக்கி விட்டாள். கரண்டியை என்னிடம் கொடுத்தாள். "சோறு அடிப்பிடிக்காமப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடைப் பக்கம் நடந்தாள். நான் சோற்றைப் பார்க்கவில்லை. பின்னாலேயே போனேன். ஊரும் வந்தது. கேமராவும் வந்தது.

தண்ணீர் அவள் விரலைத் தொடும் இடத்தில் அம்மா நின்றாள். பொறை நின்றது.

"எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. வந்து அனுப்பி வெச்சுக் குடுங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. நஞ்சன் அந்தக் கரையிலிருந்து, "ஆரு போனது? பேரச் சொல்லும்மா" என்றார். அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

"சடையன்" என்றாள் அம்மா.

அப்பாவின் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை.

நான்கு பேரும் ஓடையில் இறங்கி இந்தப் பக்கம் வந்தார்கள். வரும்போதே அடி மாறிவிட்டது. மூப்பன் தன் வீட்டுக்குள் போய்ச் சாக்கை அவிழ்த்தார். மாமா ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து ஊர் நடுவில் போட்டார். அம்மா எங்கள் வீட்டுக்குள் போய் நீலச் சட்டையைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தாள். கைகளை இரண்டு பக்கமும் நேராக்கி வைத்தாள். காலர் சுருங்கியிருந்தது, அதையும் நீவி விட்டாள்.

மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். "மூத்த புள்ளதான் மொத அடி அடிக்கணும்."

"எனக்கு அடிக்கத் தெரியாது மாமா."

"இதுக்கு ஆருக்குந் தெரியாது."

ஒரு கையில் கரண்டி இருந்தது. மற்றக் கையால் எங்கள் பொறையை அடித்தேன். சரியான சத்தம் வரவில்லை. அதுவே போதும் என்று மாமா வாங்கிக்கொண்டார்.

பிறகு ஆண்கள் கட்டிலைச் சுற்றினார்கள். பிறகு பெண்கள். குழந்தைகள் எப்போது சேர்ந்தார்கள் என்று தெரியவில்லை, இலைப் பாவாடையோடு பெரியவர்களின் கால்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தார்கள். கெம்பன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆடினான். அவனுக்கு உடனே வந்துவிட்டது. அம்மா கட்டில் காலைப் பிடித்து உட்கார்ந்து அழுதாள். மல்லன் வீட்டு அத்தை, மூப்பனின் மருமகள், எல்லாரும் அழுதார்கள். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததுபோல அழுதார்கள். கேமரா அண்ணன் பாறைமேல் ஏறி நின்று எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அதிகாரி அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆண்கள் கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுகாட்டு மேட்டுக்குப் புறப்பட்டார்கள். அப்போது பின்னால் கைதட்டல் கேட்டது.

மூன்று பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் தட்டினார். அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்தார். தட்டின கை பிரியாமல் அப்படியே நின்றது.

"ரொம்ப இயல்பா இருந்துச்சும்மா" என்று அதிகாரி அம்மா என் தோளைத் தட்டினார். "குழந்தைங்க பங்குதான் கொஞ்சம் கம்மி. இதுக்கு என்ன பேரு?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. எல்லாரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

இன்று நடந்தது என்ன? விண்ணப்பத்துக்கான நிகழ்ச்சியா, அப்பாவுக்கானதா? நான் நெல்லிப்பதிக்குப் போனதால் நடந்ததா? நான் போகாமல் இருந்திருந்தால் அப்பா இன்னும் கேரளாவில் இருந்திருப்பாரா? இது முட்டாள்தனமான கேள்வி என்று தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மே 23, வியாழன்

ஆணி காலியாக இருக்கிறது.

மே 28, செவ்வாய்

மல்லன் இளைய மகளின் கல்யாணம் ஆவணியில். இங்கேதான் பந்தலாம். மாமா பொறையை வெயிலில் காயவைத்துக் கல்யாண அடி அடித்துப் பார்த்தார். பால்வாடிக் குழந்தைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே அலைகிறார்கள். கெம்பன் சாப்பாட்டுத் தட்டை நெளித்துவிட்டான். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு தட்டைத் திருப்பிப் பார்த்து, "உங்கப்பனும் இப்படித்தான்" என்றாள்.

இருந்தாரு என்று முடித்தாளா, வாக்கியம் அதோடு நின்றுவிட்டதா என்று கவனிக்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

திங்கட்கிழமை விடுதிக்குப் போகிறேன். இன்று டீச்சர் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே ஒரு தாளை ஆட்டிக் காட்டினார். எங்கள் பால்வாடியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இப்போதைக்கு அடிவாரத்து சென்டரோடு சேர்க்க மாட்டார்கள். டீச்சர் என் கன்னத்தைக் கிள்ளினார், வலித்தது.

பிறகு இரண்டாவது பத்தியைப் படித்தோம். ஆகஸ்ட் பதினைந்தன்று மாவட்ட விழா மேடையில் இதே நிகழ்ச்சியை நடத்த வேண்டும். 'சமையலர் ஓடைக்கரையில் நின்று அழைக்கும் தொடக்கக் காட்சி தவறாமல் இடம்பெற வேண்டும்' என்று தனியாக எழுதியிருந்தது.

"ஓடைக்குப் பதிலா மேடையில நீலத் துணி விரிச்சுக்கலாம்னு போன்ல சொன்னாங்க" என்றார் டீச்சர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அடுப்படியில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன். ஒரு தண்டைக் கிள்ளி, நார் உரித்து, சட்டியில் போட்டாள்.

"பொறை அடிக்கட்டும். கலியாண அடி இருக்கு, வெதைக்கற அடி இருக்கு. புள்ளைக ஆடட்டும். அது மட்டும் இல்ல."

"அதுதான் வேணும்னு சொன்னா?"

"அதுக்கு நீ எழுது. எழுதத்தான் உங்கப்பன் உன்னப் படிக்க வெச்சாரு."

நான் தாளும் பேனாவுமாக டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தைகள் வேறு ஆட்டம் ஆடுவார்கள், எங்கள் ஊர்ப் பொறை வரும், எங்கள் மாமா அடிப்பார், இலைப் பாவாடை வேண்டாம் என்று எழுதினேன். அதற்கு டீச்சர் தலையாட்டினார்.

"அந்தக் காட்சிக்கு என்னன்னு எழுதறது அம்முணி? காரணம் ஒண்ணு சொல்லோணுமல்லோ."

"அதுக்கு வேண்டியவரு ஊர்ல இல்லைன்னு எழுதலாங்க டீச்சர்."

"மாசி இங்கதானே கீரை ஆயறா?"

"அம்மா இல்லீங்க. எங்கப்பா."

"அவரு கேரளாவுல..." என்று தொடங்கிய டீச்சர் நிறுத்திக்கொண்டார்.

"இல்லீங்க டீச்சர். எங்கப்பா ஆத்துல போயிட்டாரு."

சொல்லிவிட்டேன். அடுப்படியில் கீரை கிள்ளும் சத்தம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். அன்றைக்குத் தானும் கை தட்டியதைச் சொல்ல வந்தார் போலிருக்கிறது, சொல்லவில்லை. பேனாவை என்னிடமிருந்து வாங்கி, 'அந்தப் பகுதி நிறைவுற்றது. மீண்டும் நிகழ்த்த இயலாது' என்று அவரே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை அழுத்திக் குத்தினார்.

"கையெழுத்துப் போட்ட ஆர்டரு. அத்தன சுலபமாத் திருப்பி வாங்கிருவாங்களாக்கும்" என்றார். "வாங்கினா, நான் பஸ் ஏறிப் போயி அந்த ஆபீஸ்ல உக்காந்துக்கறேன். எனக்கும் ரிட்டையர்மென்ட்டு பக்கத்துல. என்ன பண்ணிருவாங்க."

நிகழ்ச்சியின் பெயர் என்ற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தமிழம்மாவைக் கேட்க வேண்டும். அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

மாலையில் கெம்பன் தன் பால்வாடிப் பையைச் சுவர் ஆணியில் மாட்ட வேண்டும் என்று அடம்பிடித்தான். அவனுக்கு எட்டவில்லை. என் தோளில் ஏற்றிக்கொண்டேன்.